ஓட்டைச் செம்பு

மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிரையில் இருப்பதற்கு முன் ஒரு வேலை செய்வார். கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு நேரே குசினிக்குப் போவார். துணிப் பையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து, தண்ணீர்க் குழாயில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, கழுத்துமட்டும் தண்ணீர் நிரப்புவார். செம்பின் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை. தண்ணீர் அதனால் நூல்போல ஒழுகித் தொட்டியில் விழத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்து, "என்ன பாடு?" என்று கேட்பார். தொட்டியில் விழும் சத்தம் நின்றதும், கதை பாதியில் நின்றாலும் சரி, கோப்பையில் தேத்தண்ணி மிச்சமிருந்தாலும் சரி, எழும்பிவிடுவார்.

"முறை முடிஞ்சுது. நான் வாறன்."

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. எங்கள் சனம் ஒரு வீட்டுக்குப் போனால் இலேசில் எழும்பி வராது. போறன் போறன் என்று சொல்லி, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றபடியே இன்னொரு மணித்தியாலம் கதைக்கும். அப்படிப்பட்ட சனத்துக்குள் இப்படி ஒரு மனுசி. பார்த்தவர்கள் எல்லாரும் என்ன வடிவான பழக்கம் என்று புகழ்ந்தார்கள். அந்தச் செம்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது என்னுடையது.

மச்சாள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. செம்பு இப்போது என் மகள் வீட்டில் இருக்கிறது. அதுவும் என்னிடம் திரும்பி வரவில்லை. போனவரைப்பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் வழக்கம். சொல்வதற்கு நிறைய இருக்கிறது, சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் வாயால் வரும்போது கொஞ்சம் எரிச்சலும் சேர்ந்தேதான் வரும். எனக்கு மச்சாள்மேல் பொறாமை. அவர் இருக்கும்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. காரணம் என் மகள்.

மகள் பிறந்து ஒரு கிழமையில் மச்சாள் மொன்றியலில் வந்து இறங்கினார். நாங்கள் அப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். என் அம்மா யாழ்ப்பாணத்தில். வர வழியில்லை. கணவருக்குத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை. லீவு கேட்டால் ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எனக்கோ காய்ச்சல். பால் கட்டிக்கொண்டு, பிள்ளை ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக அழுதுகொண்டு கிடந்தோம். மச்சாள் பையைக் கீழே வைத்தார், முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், கட்டிலடிக்கு வந்தார்.

"பிள்ளையைத் தாரும்."

தந்தேன். அன்றைக்கு என் பிள்ளையைக் குளிப்பாட்டியது அவர். நான் கட்டிலில் படுத்தபடி, பாதி திறந்த கதவு வழியாக அவருடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்குச் சரக்கு அரைத்துப் பத்தியம் காய்ச்சித் தந்ததும், தலையில் வெந்நீர் வார்த்துச் சாம்பிராணிப் புகை பிடித்ததும் அவர்தான். அவர் வந்திராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் என்ன பாடு பட்டிருப்போமோ தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனாலேயே எரிச்சல் கூடிக்கொண்டு போனது.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் நேர்ஸாக இருந்து, பிறகு லிபியாவுக்கு வேலைக்குப் போனவர். கடற்கரைப் பட்டினங்களில் போடாமல், மூன்று நாட்டு எல்லைகள் முட்டுகிற பாலைவனத்துக்குள், கதாமிஸ் என்ற ஒரு சோலை ஊருக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். வேறு யாராயிருந்தாலும் ஒப்பந்தம் முடிகிறவரை அழுது தீர்த்துவிட்டு ஓடி வந்திருப்பார்கள். மச்சாள் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் சாவகச்சேரி, வல்வெட்டித்துறை என்று உருகிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கதாமிஸ் கதாமிஸ் என்று உருகினார்.

மிகப் பழைய ஊராம். பாலைவனத்தைக் கடந்து பொன்னும் தந்தமும் தீக்கோழி இறகும் ஏற்றிக்கொண்டு கடலை நோக்கிப் போகிற ஒட்டகக் கூட்டங்கள் அங்கேதான் தங்கி இளைப்பாறுமாம். அவ்வளவு பெரிய வியாபாரம் நடந்த ஊருக்கு இருந்தது ஒரேயொரு ஊற்று. அதனால் சந்தைச் சதுக்கத்தில் ஒரு மாடத்தில் ஓர் ஆள் ஓட்டைப் பானையோடு இருப்பாராம். பானையை நிரப்புவார், ஒழுகி முடிந்ததும் ஓலையில் ஒரு முடிச்சுப் போடுவார். உன் தோட்டத்துக்கு இத்தனை பானை, என் தோட்டத்துக்கு இத்தனை பானை. நூறு ஒட்டகத்துக்குச் சொந்தக்காரனாயிருந்தாலும், அவனுடைய பானை முடிந்தால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள்.

மச்சாள் போன காலத்தில் ஆழ்கிணறுகள் வந்துவிட்டன, பானைக்காரருக்கு வேலை இல்லை. சனமும் அரசாங்கம் கட்டிக்கொடுத்த புது வீடுகளுக்கு மாறிவிட்டது. ஆனால் கோடை வந்தால் குளிர்மைக்காகப் பழைய மண் வீடுகளுக்கே திரும்பிப் போவார்களாம். அவர்களோடு மச்சாளும் போவார். இந்தக் கதையெல்லாம் அந்த வீடுகளில் கேட்டுக்கொண்டு வந்தவைதான்.

"அந்த ஊரில கள்ளனையும் மன்னிப்பினம்," என்பார். "ஓட்டைக்குக் கீழ விரல் வைக்கிறவனை மட்டும் மன்னிக்கமாட்டினம்."

விரல் வைத்தால் பானை முடிய நேரம் எடுக்கும். ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் கூடப் போகும், அடுத்த தோட்டம் காயும். இதைச் சொல்லும்போது மச்சாளின் முகம் உண்மையாகவே இறுகிவிடும், தன் தோட்டம் காய்ந்ததுபோல.

ஒரு கோடை ஒன்றுகூடலில், பூங்காவில் எல்லாரும் சோற்றுத் தட்டோடு இருக்கும்போது, ஒரு வயதான ஐயா மச்சாளைப் பார்த்து, "பிள்ளைக்கு ஊர் எவடம்?" என்று கேட்டார்.

"கதாமிஸ்," என்றார் மச்சாள்.

ஐயா கொஞ்சம் யோசித்தார். "அது தென்மராட்சிப் பக்கமோ?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த கிழமை முழுக்க அவளை யார் எது கேட்டாலும், "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றுதான் பதில். நானும் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். ஒன்றையாவது அவள் திருப்பிச் சொன்னதில்லை.

ஒரு மனுசிமேல் பொறாமை வரலாம், ஓர் ஊர்மேல் வரலாமா? எனக்கு வந்தது. மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, பெற்றோருடைய நாட்டைக் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் சந்திப்புக்கு நான் போனேன். ரீச்சர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, பிரெஞ்சில் மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா: "உங்கள் நாட்டுப் பாலைவனம் எவ்வளவு அழகு." படத்தில் மூலைக்கு மூலை வெள்ளைக் கூர் வைத்த மண் வீடுகள். பேரீச்ச மரங்கள். வரிசையாக ஒட்டகங்கள். கீழே என் மகளின் பெயர், அதற்குப் பக்கத்தில் ஸ்ரீலங்கா என்று எழுத்துப் பிழை இல்லாமல். நான் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏன் பிள்ளை உதைக் கீறினனீ?"

"மாமி சொன்னவா."

"நானும் சொன்னனான்தானே. எங்கட வீட்டைப்பற்றி, பள்ளிக்கூடத்தைப்பற்றி, எல்லாம்."

"நீங்கள் சொல்லேக்கை அழுறீங்கள் அம்மா. மாமி அழமாட்டா."



செம்புக் கதை அதற்கு முந்தியது. மச்சாள் எங்களோடு ஒரு வருசம் இருந்துவிட்டு, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்து, எங்கள் தெருவிலேயே எதிர்ப்பக்கம் மேல் மாடியில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார். அவர் அங்கே போன அதே கிழமை ஒருநாள், நான் வேலை முடிந்து வருகிறேன். நான் ஒரு கார்டெறியில், பிள்ளைகள் காப்பகத்துக் குசினியில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். பல்கனியில் என் கணவர் துளைக்கிற மெசினோடு குந்தியிருக்கிறார். முழங்காலுக்கு நடுவில் என் செம்பு. கலியாணத்துக்கு அம்மா தந்தது. சேலைக்குள் சுற்றி, கொழும்பு விமான நிலையத்தில் சந்தேகப்பட்டு அவிழ்த்துப் பார்த்தவர்களோடு சண்டை பிடித்து, நான் கொண்டுவந்தது.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"அக்காவுக்குக் கதாமிஸ் பானை மாதிரி ஒண்டு வேணுமாம். இது சும்மாதானே அலுமாரிக்கு மேல கிடந்தது."

"அது என்ர கலியாணச் செம்பு."

"ஒரு சின்ன ஓட்டைதானே."

மச்சாள் விசயம் தெரிந்து உடனே ஓடி வந்தார். செம்பை இரண்டு கையாலும் நீட்டினார். "உம்மட எண்டு எனக்குத் தெரியாது. குறை நினையாதையும். பிடியும்."

"ஓட்டைச் செம்பை வைச்சு நான் என்ன செய்யிறது? நீங்களே வைச்சிருங்கோ."

அவர் வைத்துக்கொண்டார். அன்று தொடங்கி, என் செம்பைத் தன் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, என் குழாயில் கட்டி, என் மகளோடு கதைக்கிற நேரத்தை அளந்தார்.

மகளுக்கு ஐந்தாறு வயதிருக்கும். ஒருநாள் பின்னேரம் மச்சாள் வந்து கொஞ்ச நேரத்திலேயே தொட்டிச் சத்தம் நின்றுவிட்டது. மச்சாள் வழக்கம்போலப் பேச்சை விட்டுவிட்டு எழும்பினார். செம்பை எடுக்கக் குசினிக்குள் போனவர் அப்படியே நின்றார். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். முக்காலியில் ஏறி நின்று, என் மகள் செம்பின் அடியில் விரலால் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஒழுகுவதை நிறுத்தினால் சத்தமும் நிற்கும், சத்தம் நின்றால் மாமி எழும்புவா என்பது அந்தக் குஞ்சு மூளைக்கு எட்டவில்லை.

"விரலை எடு, கள்ளி," என்றார் மச்சாள். அவ்வளவு மெதுவாக அவர் ஒன்றும் சொல்லி நான் கேட்டதில்லை.

"நீங்கள் போகவேண்டாம் மாமி."

மிச்சத் தண்ணீர் ஒழுகி முடியும்வரை பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு குசினியிலேயே நின்றார். முடிந்ததும் போய்விட்டார். ஒரு துளிக்குக்கூட மேலதிகமாக நிற்கவில்லை. நான் தினம் காலையில் வேலைக்குப் போகிறேன், என் மகள் ஒருநாளாவது என் கோட்டைப் பிடித்து இழுத்ததில்லை. ஜன்னலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். எனக்காக ஒரு விரலைக்கூட அவள் எங்கேயும் வைத்ததில்லை. 

பிறகு கூரை. எங்கள் பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பவை, கூரை எல்லாம் தட்டை. கதாமிஸிலும் கூரைகள் அப்படித்தானாம். கீழே இருட்டு ஒழுங்கைகள் ஆண்களுக்கு, மேலே கூரை முழுக்கப் பெண்களுக்கு. வீட்டுக்கு வீடு கூரையாலேயே போய்வருவார்களாம், சந்தையும் மேலேயே கூடுமாம். ஒரு யூலை மாதம் வீட்டுக்காரக் கிரேக்கன் என் கணவருக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டான். உன் அக்கா கூரையில் நடந்து திரிகிறா, விழுந்தால் யார் பொறுப்பு என்று. நான் ஓடிப்போய்ப் பின்பக்க ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மச்சாள் தன் கூரையைத் தாண்டி மூன்றாவது கூரையில், ஓர் அல்ஜீரியாக்காரியோடு படங்கு விரித்து இருக்கிறார். இரண்டு பேரும் அரபியில் சிரித்துக் கதைக்கிறார்கள். நடுவில் என் மகள், கை நிறையப் பேரீச்சம்பழம்.

"அம்மா, ஏறி வாங்கோ," என்று மேலேயிருந்து கையைக் காட்டினாள்.

"இறக்குங்கோ மச்சாள் பிள்ளையை," என்று கத்தினேன்.

"பயப்படாதையும், நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்," என்றார் மச்சாள். அதுதான் என் கவலையே என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். கதாமிஸ் ஆம்பிளைகளைப்போல நான் கீழே ஒழுங்கையில் நின்றேன், அவர்கள் மேலே இருந்தார்கள்.

மகள் வளர்ந்தாள். எங்கள் இருவருக்கும் சண்டை வளர்ந்தது. பதினேழு வயதில் சிநேகிதிகளோடு கியூபெக் நகரத்துக்குப் போய்த் தங்கப்போகிறேன் என்று நின்றாள். நான் முடியாது என்றேன். மூன்று நாள் வீட்டில் கதவடிக்கிற சத்தம்தான். மச்சாள் இரண்டு பேரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். செம்பைக் கட்டித் தண்ணீரை விட்டார்.

"முதல்ல அம்மா. ஒரு செம்பு. ஒருத்தரும் குறுக்க கதைக்கிறேல்லை."

நான் தொடங்கினேன். பொம்பிளைப் பிள்ளை, ஊர் என்ன சொல்லும், ஏதும் நடந்தால், அப்பாவுக்கு யார் பதில் சொல்கிறது. அவ்வளவுதான். செம்பில் பாதித் தண்ணீர் மிச்சம், என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மூன்று பேரும் தொட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். நேரம் போகவே இல்லை. பிறகு மகளின் முறை. அவள் நிறுத்தாமல் சொன்னாள். அம்மாவுக்கு எந்நேரமும் பயம், நான் மூச்சு விட்டாலும் பயம், வீட்டில் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க விடமாட்டா, பாதியிலேயே அழுதுவிடுவா என்று. ஒரு வசனத்தின் நடுவில் தண்ணீர் முடிந்தது. அவளும் நிறுத்திக்கொண்டாள். நான் போகச் சொன்னேன். போய் வந்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாரும் மச்சாளின் கெட்டித்தனம் என்றார்கள். எனக்கோ வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் கோபம். என் மகள் என்னோடு கதைப்பதற்கு, என் செம்பை மச்சாள் வீட்டில் தொங்கவிட வேண்டியிருந்தது.

அவளுக்குக் கலியாணமாகி, இல்-பிசாரில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அமைதியான தீவு, பேருந்து எப்போதாவதுதான் வரும். நினைத்த நேரம் மச்சாள் போய் நிற்க முடியாது என்று எனக்கு ஓர் அற்ப சந்தோசம். பிறகு அவளுக்கு வயிற்றில் பிள்ளை. நான் கோடை தொடக்கமே ஆயத்தம் செய்யத் தொடங்கினேன். மல்லி, மிளகு, சீரகம், திப்பிலி எல்லாம் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தேன். நல்லெண்ணெய், உள்ளி, பிள்ளைக்குப் பழைய பருத்திச் சேலையில் கிழித்த துண்டுகள். அப்போது மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, பிள்ளை பிறந்தால் மாமியும் வந்து நிண்டால் நல்லது எண்டு யோசிக்கிறம்."

"அப்ப நான்?"

"நீங்களும்தான். ஆனா மிச்சமா ஒரு அறைதானே இருக்கு. முதல்ல மாமி நிக்கட்டும், பேந்து நீங்கள் வாங்கோவன்."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் கேட்டேன். "பிள்ளையைப் பெத்தது நானோ, உங்கட அக்காவோ?"

"நீர்தான். அவ நேர்ஸ் எல்லே, அதுக்குச் சொல்லியிருப்பாள்."

அன்றைக்கே தெருவைக் கடந்து மச்சாள் வீட்டுக்கு ஏறினேன். செம்பு அங்கே மேசையில்தான் இருந்தது. அதில் தண்ணீர் விட நான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"மச்சாள், எனக்குப் பத்தியம் காய்ச்சினது நீங்கள். என்ர பிள்ளையை முதல் குளிப்பாட்டினதும் நீங்கள். இந்தப் பிள்ளையை நான் குளிப்பாட்ட வேணும். இந்த முறை எனக்கு வேணும்."

மச்சாள் செம்பை எடுத்து, அடியில் இருந்த ஓட்டையைப் பெருவிரலால் தடவினார்.

"ஓம். எடும். என்ர முறையையும் சேர்த்து எடும்."

கதாமிஸில் அப்படியும் ஒரு வழக்கம் இருந்ததாம். வேண்டுமென்றால் தன் தண்ணீரை இன்னொரு தோட்டத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். கொடுத்தவர்கள் அந்த முறை முடியும்வரை அந்தத் தோட்டத்துப் பக்கம் போகமாட்டார்களாம். "போனால் கண் தண்ணியிலதான் நிக்கும்," என்றார். உண்மையில் அப்படி இருந்ததோ, அந்த நேரத்தில் அவராகக் கட்டிய கதையோ, எனக்குத் தெரியாது.

சொன்ன சொல் தவறவில்லை. பிள்ளை தை மாதக் கடுங்குளிரில் பிறந்தது. மச்சாள் ஆசுப்பத்திரிக்கும் வரவில்லை, இல்-பிசாருக்கும் வரவில்லை. நான் குளிப்பாட்டினேன். நான் புகை பிடித்தேன். நான் பத்தியம் காய்ச்சினேன். முழு ஊற்றையும் என் தோட்டத்துக்கே திருப்பிவிட்டதுபோல இருந்தது. மகள் நான் கொடுத்ததைச் சாப்பிட்டாள், படுக்கச் சொன்ன நேரம் படுத்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மாமிக்கு என்னில கோவமோ அம்மா?"

"இல்லை, வருவா."

"அப்ப ஏன் வரேல்லை?"

நான் தாளித்துக்கொண்டிருந்தேன், காதில் விழாததுபோல நின்றுவிட்டேன்.

பிள்ளைபெற்ற துடக்குக் கழித்த பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம், என் கணவர் மச்சாளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் அதே துணிப் பை. மகள் மாமியைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள், பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். மச்சாள் வாங்கவில்லை. முதலில் குசினிக்குப் போய்ச் செம்பைக் கட்டினார், தண்ணீர் விட்டார், முழங்கை வரைக்கும் கழுவினார். பிறகுதான் வந்து கதிரையில் இருந்து மடியை விரித்தார்.

மகள் அன்றைக்குத்தான் ஆறுதலாகக் குளிக்கவேண்டும் என்று மேலே போனாள். மருமகனும் என் கணவரும் வெளியே பனி வாரினார்கள். விறாந்தையில் நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையும். மச்சாள் பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"உம்மில எனக்கு எரிச்சல், தெரியுமே?"

"என்னிலயோ?"

"வந்து இறங்கின நாளில இருந்து. நீர் காய்ச்சலோட கிடக்கிறீர். பிள்ளை என்ர கையில. குளிப்பாட்டித் துடைச்சாச்சு, திருப்பிக் கொண்டுவந்து உம்மட்டைத் தரவேணும். தர மனம் வரேல்லை. கதவுக்கு அங்கால கொஞ்ச நேரம் சும்மா நிண்டனான்."

 குசினியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்குத்தான் செம்பு," என்றார் மச்சாள். "அளக்காமல் விட்டிருந்தால் நான் உங்கட வீட்டை விட்டு எழும்பியிருக்கமாட்டன். பிள்ளை போகவேண்டாம் எண்டு நிக்குது, உம்மட முகம் ஒரு பக்கம் கறுக்குது. எனக்கு எழும்புறதுக்கு ஒரு சாட்டு வேணும்."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை வருசமாக நான் ஒருத்தி மட்டும் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதிலும் அவர் என்னை முந்தியிருக்கிறார். தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பிக் குசினிக்குப் போனேன்.

கேத்தலை வைத்துவிட்டுச் செம்புக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். திரும்பி விறாந்தையைப் பார்த்தேன். மச்சாளுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். விழுகிற சத்தம் மெலிந்தால் முடியப்போகிறது என்று காது சொல்லிவிடும். பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்து, தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, தூக்கித் தரத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருடைய கை அவசரப்படவில்லை. பழகிய கை.

நான் செம்பின் அடியில் விரலை வைத்துப் பொத்தினேன். சத்தம் நின்றது.

"முடிஞ்சுதோ?" என்று மச்சாள் அங்கிருந்தே கேட்டார்.

"இல்லை மச்சாள். இன்னும் இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் நிற்கிற நிலையைப் பார்த்தார். 

"கள்ளி," என்றார். அன்றைக்குப் பிள்ளைக்குச் சொன்ன அதே மெதுவான குரல். தலைக்குக் கீழே கொடுத்த கையை எடுத்துவிட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

பனிக்காலத் தண்ணீர் ஐஸ்போலக் குளிர்ந்தது. விரல் விறைத்தது. கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. நான் எடுக்கவில்லை. மச்சாள் குனிந்து பிள்ளைக்குக் கதாமிஸ் மொழியிலோ அரபியிலோ ஏதோ சொன்னார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை ஒருவரையும் பார்த்துச் சிரித்ததில்லை. இவ்வளவு நாளும் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, தோளில் போட்டுத் திரிந்தவள் நான். முதல் சிரிப்பை வாங்கிக்கொண்டு போனவர் மச்சாள். நான் விரல் வைத்த நேரத்தில். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.